ஓட்டை யார் கணக்கில்

திருப்பூரில் ஒரு நிட்டிங் ஷெட்டில் இரவு ஷிப்ட்டின்போது நின்று பார்த்தால், எது ஓடுகிறது எது நிற்கிறது என்பதை விளக்குகளே சொல்லிவிடும். 30 அங்குல விட்டமும் 24 கேஜும் உள்ள ஒரு வட்டப் பின்னல் இயந்திரத்தில் சுமார் 2,260 ஊசிகள் இருக்கும். சுற்றிலும் 90 ஃபீடர்கள் நூலை ஊட்டிக்கொண்டிருக்கும். ஒரு நூல் அறுந்தால் அந்த ஃபீடரின் மெல்லிய கம்பிக்கை விழும், மின்சுற்று மூடும், மோட்டார் நிற்கும், விளக்கு எரியும். ஊசியின் நாக்கு உடைந்து நீட்டிக்கொண்டால் பக்கத்தில் காத்திருக்கும் இன்னொரு உணர்கருவி அதைப் பிடித்து நிறுத்தும். இதற்கு எங்கள் ஊரில் ஸ்டாப் மோஷன் என்று பெயர். ஆபரேட்டர் வந்து நூலைக் கோத்து, ஊசியை மாற்றி, பித்தானை அழுத்தினால்தான் மறுபடி ஓடும்.

நிற்காமல் போனால் நிமிடத்துக்குச் சுமார் ஒரு மீட்டர் துணி ஓட்டையோடு இறங்கும். அந்த ஓட்டை சாயப்பட்டறைக்குப் போய்ச் சாயம் ஏறி, காம்பேக்டிங் முடிந்து, கட்டிங் மேசையில் முன்பக்கமாகவோ கையாகவோ வெட்டுப்பட்டு, பவர் டேபிளில் தைக்கப்பட்டு, கடைசியில் ட்யூப்லைட்டுக்குக் கீழே நிற்கும் ஒரு பெண்ணின் கைக்கு வந்து சேரும். என் அம்மா பத்தொன்பது வருடம் நின்றது அந்தச் செக்கிங் மேசையில்தான்.

நான் கோயம்புத்தூரில் உட்கார்ந்து, இதுபோன்ற இயந்திரங்களுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுப் பலகைகளுக்கு சி மொழியில் நிரல் எழுதுகிறேன். வன்பொருளை ஒட்டி ஓடும் நிரலில் பாதி வேலை, ஒரு தவறு நேர்ந்தால் என்ன செய்வது என்று தீர்மானிப்பது. நின்றுவிடுவதா, சொல்லிவிட்டுத் தொடர்வதா, சொல்லாமலே தொடர்வதா, நம்மை அழைத்தவரிடம் பிழையைக் கொடுத்துவிட்டு ஒதுங்குவதா? கல்லூரியில் இதை மொழிகளின் வரலாறாகச் சொல்லிக்கொடுத்தார்கள். இந்த மொழியில் இப்படி, அந்த மொழியில் அப்படி என்று. எனக்கு அந்த வரலாறு புரிந்தது, அம்மாவின் மேசையில் தினமும் கேட்கப்பட்ட கேள்வியை அதனிடமும் கேட்கத் தொடங்கிய பிறகு. ஓட்டை யார் கணக்கில்?

பிழை வந்தால் தானே நிற்கும் இயந்திரம் என்ற எண்ணத்துக்கு நெசவுதான் பிறந்தகம். சகிச்சி டொயோடா 1896இல் செய்த விசைத்தறி ஊடை நூல் அறுந்தால் நின்றது. 1924இல் வந்த ஜி வகைத் தானியங்கித் தறி பாவு நூல் அறுந்தாலும் நின்றது. தாய் தறியில் படும் பாட்டைப் பார்த்துத்தான் அவர் இதில் இறங்கினார் என்று டொயோடா நிறுவனத்தின் வரலாற்றில் சொல்லப்படுகிறது. கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தறி தானே நிற்கத் தொடங்கியதும் நெசவுக்காரிக்கு ஓய்வு கிடைக்கவில்லை. ஒரு தறியைக் கண்கொட்டாமல் பார்த்தவள் முப்பது தறிகளைப் பார்க்கலாம் என்றாயிற்று. ஜப்பானிய ஆலைகளில் அந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். பெற்றோருக்கு முன்பணம் கொடுத்து அழைத்துவரப்பட்டு, ஆலை விடுதிகளில் பூட்டிவைக்கப்பட்டவர்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் நூற்பாலைகளின் சுமங்கலித் திட்டத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மூன்று வருடம் விடுதியில் இருந்து வேலை பார்த்தால் முடிவில் கல்யாணத்துக்கு ஒரு தொகை என்றார்கள் இங்கே. இடையில் உடம்புக்கு முடியாமல் திரும்பியவர்களில் பலருக்கு அந்தத் தொகை கைக்கு வரவில்லை.

இனி கணினிக்கு வருகிறேன். 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் மல்டிக்ஸ் என்ற பெரிய கூட்டுத் திட்டத்திலிருந்து விலகியது. அங்கிருந்த கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் அதே ஆண்டில் சிறிய அளவில் தொடங்கியதுதான் யூனிக்ஸ். மல்டிக்ஸில் வேலை பார்த்த டாம் வான் விளெக், ரிட்சியோடு நடந்த ஒரு பேச்சைப் பின்னாளில் எழுதியிருக்கிறார். மல்டிக்ஸுக்குத் தான் எழுதியதில் பாதி, பிழையிலிருந்து மீள்வதற்கான நிரல் என்று இவர் சொல்லியிருக்கிறார். அதையெல்லாம் நாங்கள் விட்டுவிட்டோம் என்றாராம் ரிட்சி. பேனிக் என்று ஒரு செயல்கூறு இருக்கிறது, பிழை வந்தால் அது இயந்திரத்தையே நிறுத்திவிடும், தாழ்வாரத்தில் குரல் கொடுத்து மறுபடி கிளப்பச் சொல்வோம், அவ்வளவுதான்.

அந்தத் தாழ்வாரத்தைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடும் சில ஆய்வாளர்கள். இயந்திரம் நின்றால் யாருக்கும் கூலி வெட்டில்லை. அங்கே பேனிக் நியாயமான முடிவு. சிறு பிழைகளுக்கு யூனிக்ஸும் சி மொழியும் வேறொரு வழி வைத்திருந்தன. செயல்கூறு -1 என்று ஒரு எண்ணைத் திருப்பித் தரும், காரணத்தை எர்நோ என்ற பொது இடத்தில் குறித்துவைக்கும். அழைத்தவர் பார்த்தால் பார்க்கலாம், பார்க்காவிட்டால் கேட்பாரில்லை. நினைவகம் கேட்டுக் கிடைக்காமல் போனாலும், கிடைத்ததாக நினைத்துக்கொண்டு நிரல் அடுத்த வரிக்குப் போகலாம். விழுவது எங்கேயோ, எப்போதோ, வேறு யார் கையிலோ. பத்துப் பேர் இருந்த தாழ்வாரத்தின் பழக்கம் சி மொழியோடு சேர்ந்து உலகத்தின் எல்லா இயந்திரங்களுக்குள்ளும் புகுந்தது, எங்கள் ஊர் நிட்டிங் ஷெட் உட்பட.

திருப்பூருக்கு அதே பெல் ஆய்வுக்கூடத்திலிருந்து இன்னொன்றும் வந்திருக்கிறது. 1920களின் பிற்பகுதியில் ஹெரால்டு டாட்ஜும் ஹாரி ரோமிக்கும் அங்கே மாதிரிச் சோதனைக்கான கணக்குகளை உருவாக்கினார்கள். எல்லாப் பொருளையும் பார்க்காமல், சிலவற்றைப் பார்த்து மொத்தத்தை ஏற்பதா தள்ளுவதா என்று முடிவு செய்யும் முறை. அந்த வழியில் வந்ததுதான் 1950இல் அமெரிக்க ராணுவம் வெளியிட்ட தர அட்டவணை, அதன் வாரிசுதான் இன்று பையரின் ஆள் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வரும்போது கையில் வைத்திருக்கும் ஏக்யூஎல் அட்டவணை. 2.5 என்ற அளவில், 1,201 முதல் 3,200 பீஸ் வரையுள்ள லாட்டில் 125 பீஸை எடுப்பார்கள். 7 வரை பழுது இருந்தால் லாட் பாஸ். 8 இருந்தால் மொத்த லாட்டும் திரும்பும், மறுபடி எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

புள்ளியியலாக இது எனக்குப் பிடித்த சிந்தனை. தவறு வரும் என்பதை முன்கூட்டியே ஒத்துக்கொண்டு அதற்கு இடம் ஒதுக்குகிறது. முதல் 7 ஓட்டைகளுக்கு யாரையும் தேடுவதில்லை. 8ஆவதுக்கு மட்டும் ஒரு பெயர் வேண்டும். அதைச் செக் பண்ணினது யாரு என்று கேட்பார்கள். அதைப் பின்னினது யாரு என்று கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. நிட்டிங்கில் இருப்பவர்கள் ஆண்கள், வேறு ஷெட், பெரும்பாலும் வேறு முதலாளி. மேசையில் இருப்பவள்தான் கைக்கெட்டுகிறாள். லாட் திரும்பிய ராத்திரி அம்மா வீடு வரப் பதினொன்றாகும், அந்த நேரத்துக்குக் கூலி கிடையாது.

ஸ்டாப் மோஷன் போலவே பிழையை முதலிடத்திலேயே பிடிக்க வேண்டும் என்று வாதாடிய ஒரு பெண் 1960களில் இருந்தார். மார்கரெட் ஹாமில்டன், எம்ஐடியில் அப்பல்லோ விண்கலத்துக்கான மென்பொருள் குழுவை நடத்தியவர். வேலைக்குத் தன் சிறு மகளையும் அழைத்துப் போவார். குழந்தை ஒருநாள் ஒத்திகைக் கருவியின் விசைகளை அழுத்தி விளையாடியபோது, பறக்கும் நேரத்தில் புறப்பாட்டுக்கு முந்தைய நிரல் கிளம்பி எல்லாம் நின்றுபோயிற்று. இப்படி நடக்காமல் தடுக்க நிரல் சேர்க்கிறேன் என்று ஹாமில்டன் கேட்டார். விண்வெளி வீரர்கள் தவறு செய்யாமல் இருக்கப் பயிற்சி பெற்றவர்கள், வேண்டாம் என்று பதில் வந்தது. 1968 டிசம்பரில் அப்பல்லோ 8 பயணத்தில் ஜிம் லோவெல் அதே தவறைச் செய்தார், வழிகாட்டும் தரவு அழிந்தது, தரையிலிருந்து மீண்டும் ஏற்ற வேண்டியதாயிற்று.

1969 ஜூலை 20 அன்று அப்பல்லோ 11 நிலவில் இறங்கும்போது 1202, 1201 என்ற எச்சரிக்கைகள் வந்ததும் கணினி நிற்காமல், முக்கியமற்ற வேலைகளைக் கைவிட்டு முக்கியமானவற்றைத் தொடர்ந்ததும் பலர் அறிந்தது. அதை ஹாமில்டன் தனியாகச் சாதித்ததாகச் சுவரொட்டிகளில் போடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முன்னுரிமைப்படி வேலைகளை ஓட்டும் அந்த அடிப்படை அமைப்பை வடிவமைத்தவர் ஹால் லேனிங். நம்மவர் ஒருவரை உயர்த்துவதற்காக இன்னொருவரின் உழைப்பை அழிக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை, அழிபடுவது எப்படியிருக்கும் என்று நமக்குத் தெரியும். அந்த நிரலை நினைவகமாக மாற்றியவர்களின் பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். மாசசூசெட்ஸின் வால்தம் நகரில் ரேதியான் தொழிற்சாலையில், காந்த வளையங்களுக்குள் கம்பியை நுழைத்தால் 1, வெளியே கொண்டுபோனால் 0 என்று கையால் கோத்தவர்கள் பெண்கள். துணி ஆலைகளிலும் கடிகாரத் தொழிற்சாலையிலும் கை பழகியவர்களும் அவர்களில் உண்டு. பொறியாளர்கள் அதற்கு வைத்த செல்லப்பெயர் குட்டிக் கிழவிகளின் நினைவகம்.

பிழையைக் கையாளுவதில் நான் யாரிடமாவது பாடம் கேட்டேன் என்றால் அது பார்பரா லிஸ்கோவிடம். 1968இல் ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம் வாங்கியவர். அமெரிக்காவில் கணினி அறிவியலில் அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண்களில் ஒருவர். 1970களில் எம்ஐடியில் மாணவர்களோடு சேர்ந்து க்ளூ என்ற மொழியை உருவாக்கினார். பிழைகளை அதில் எப்படிக் கையாளுவது என்பது பற்றி அவரும் ஆலன் ஸ்னைடரும் 1979இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள்.

அப்போது இரண்டு கட்சிகள் இருந்தன. பிழை வந்த இடத்துக்கே திரும்பிப் போய், சரிசெய்துகொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்றது ஒன்று. பிஎல்/ஒன், மெசா மொழிகளில் அதற்கு வழி இருந்தது. பிழை கண்ட செயல்கூறு அத்தோடு முடிய வேண்டும் என்றது மற்றது. லிஸ்கோவ் இரண்டாவதைத் தேர்ந்தார். அதோடு, ஒரு செயல்கூறு என்னென்ன பிழைகளைச் சொல்லக்கூடும் என்பதை அதன் தலைப்பிலேயே எழுதிவைக்க வேண்டும். அந்தப் பிழை நேரே தன்னை அழைத்தவரிடம் மட்டுமே போகும். நாலு படி தாண்டி, நடந்தது எதுவும் தெரியாத ஒருவர் மடியில் போய் விழாது. அழைத்தவர் அதைக் கவனிக்காமல் விட்டால் அது தோல்வி என்ற பொதுப் பெயரோடு மேலே போகும், மௌனமாக மறையாது.

நாலு படி தாண்டி மடியில் விழுவது என்றால் என்ன என்று செக்கிங் மேசையில் நின்ற எவருக்கும் தெரியும். க்ளூ பரவலாகப் புழங்கவில்லை, அதன் யோசனைகள் பிற மொழிகளில் பரவின. லிஸ்கோவுக்கு 2008ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது கிடைத்தபோது, எல்லோருக்கும் தெரிந்த விஷயத்துக்கு எதற்கு விருது என்று யாரோ எழுதியிருந்ததை அவர் கணவர் பார்த்துச் சொன்னாராம். எல்லோருக்கும் தெரிந்ததாக ஆனதே அவரால்தான் என்பது அந்த ஆளுக்கு உறைக்கவில்லை.

பின்னால் ஜாவா மொழி வந்தது. அது இன்னும் ஒருபடி போய்க் கட்டாயப்படுத்தியது. சில வகைப் பிழைகளைப் பிடிக்காமலோ, அறிவிக்காமலோ விட்டால் நிரல் தொகுபடாது. நல்ல ஏற்பாடுதானே? நடைமுறையில் ஆயிரக்கணக்கான நிரலர்கள் பிழையைப் பிடிப்பதாக ஒரு கட்டத்தைப் போட்டு அதற்குள் ஒன்றும் எழுதாமல் விட்டார்கள். தொகுப்பான் வாயை மூடிக்கொள்ளும், வேலை நகரும், பிழை காணாமல் போகும். அவர்களைச் சோம்பேறிகள் என்று எங்கள் பேராசிரியர் திட்டினார். எனக்கு அந்த வெற்றுக் கட்டத்தைப் பார்த்ததும் என் சித்தியின் கைக்குட்டை ஞாபகம் வந்தது.

எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் உடைந்த ஊசிக்கு ஒரு ரெஜிஸ்டர் உண்டு. தைக்கும்போது ஊசி உடைந்தால் டெய்லர் நிறுத்த வேண்டும். சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, காந்தம் வைத்துத் துண்டுகளைத் தேடி எடுத்து, தேதி, லைன், மெஷின் நம்பரோடு நோட்டில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். எல்லாத் துண்டும் சேர்ந்து முழு ஊசியானால்தான் புது ஊசி தருவார்கள். ஒரு துண்டு கிடைக்காவிட்டால் அந்த பண்டல் முழுவதும் மெட்டல் டிடெக்டருக்குள் போகும். எங்கோ ஒரு குழந்தையின் சட்டைக்குள் ஊசிமுனை இருந்துவிடக் கூடாது என்பதற்காக வந்த விதி இது. நான் அறிந்த எந்த நிரல்மொழியும் இவ்வளவு சுத்தமாகப் பிழையைக் கையாளுவதில்லை. பழையதைக் கணக்குக் காட்டாமல் புதியது கிடையாது.

என் சித்தி பீஸ் ரேட்டில் ஓவர்லாக் அடித்தவர். ஊசி தேடுகிற இருபது நிமிடத்துக்கு அவருக்குப் பீஸும் இல்லை, காசும் இல்லை. பின்னால் லைனில் பண்டல் தேங்கும், வசவு தனி. அதனால் கைக்குட்டை முடிச்சில் எப்போதும் இரண்டு ஊசி வைத்திருப்பார், சொந்தக் காசில் வாங்கியது. உடைந்தால் கண்ணில் பட்ட துண்டைப் பொறுக்கிப்போட்டுவிட்டு மாற்றிக்கொள்வார். ரெஜிஸ்டர் சுத்தமாக இருக்கும், தணிக்கைக்கு வருகிறவர்கள் பாராட்டிவிட்டுப் போவார்கள். சித்தி கெட்டவர் இல்லை, பேரன் பேத்தி எடுத்தவர். அந்தச் சட்டையைப் போடப்போகும் குழந்தையைப் பற்றி அவருக்கு யோசனை இல்லாமலும் இல்லை. பிழையைச் சொல்கிறவரே அதன் விலையையும் கொடுக்க வேண்டும் என்று வைத்தால் நோட்டு காலியாகத்தான் இருக்கும். ஜாவாவின் வெற்றுக் கட்டங்களும் டெட்லைனுக்கு நடுவில்தான் எழுதப்பட்டன.

நிறுத்துவதே எப்போதும் சரி என்றும் சொல்ல முடியாது. 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் எஞ்சின் பற்றி முப்பத்தேழு விநாடிகளில் தடம் மாறி உடைந்து அழிந்தது. ஏரியான் 4இலிருந்து அப்படியே எடுத்துப் போட்ட ஒரு நிரல், 64 பிட் எண்ணை 16 பிட்டுக்குள் அடைக்கப் பார்த்தது. எண் கொள்ளவில்லை, பிழை எழுந்தது, பிடிக்க யாருமில்லை, வழிகாட்டும் கணினி விதிப்படி நின்றது. மாற்றுக் கணினியும் அதே நிரலால் அதே காரணத்துக்கு நின்றிருந்தது. கிளம்பிய பிறகு அந்தக் கணக்குக்கே தேவையில்லை என்பது கூடுதல் வேதனை. நிட்டிங் மெஷின் நின்றால் நிற்கும். ராக்கெட் நிற்க இடமில்லை. ரஸ்ட் மொழியை லினக்ஸ் கருவுக்குள் விடுவதா என்ற விவாதம் 2021இல் நடந்தபோது லினஸ் டோர்வால்ட்ஸ் சொன்ன முக்கியமான தடையும் இதுதான்: நினைவகம் கிடைக்கவில்லை என்பதற்காகக் கரு பேனிக் ஆகக் கூடாது, பிழையை மதிப்பாகத் திருப்பித் தர வேண்டும். அப்படி மாற்றிய பிறகு 2022 டிசம்பரில் 6.1 பதிப்பில் ரஸ்ட் உள்ளே வந்தது. ரஸ்டில் பிழையும் பதிலும் ஒரே பொட்டலத்தில் வரும். பிரித்துப் பார்க்காமல் பதிலை எடுக்க முடியாது. உடைந்த ஊசி ரெஜிஸ்டருக்கு நான் பார்த்ததில் இதுதான் மிக அருகில் வருகிறது. அதிலும் கைக்குட்டை முடிச்சு உண்டு, அன்ராப் என்று பெயர்.

என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த நான்காம் வருடம், எங்கள் பலகை பொருத்திய நிட்டிங் இயந்திரங்கள் சும்மா சும்மா நிற்கின்றன என்று வாடிக்கையாளர்களிடமிருந்து புகார் வந்தது. உண்மைதான். பஞ்சுத்தூசி சேர்ந்தால் ஊசி உணர்கருவி ஏமாந்துவிடும். ஒருமுறை தட்டுப்பட்டதும் நிறுத்தாதே, தொடர்ந்து மூன்று சுற்றிலும் அதே இடத்தில் தட்டுப்பட்டால் நிறுத்து என்று மாற்றினேன். மூன்று சுற்றென்றால் பதினைந்து சென்டிமீட்டர் துணி. அதை இன்றும் சரியென்றே சொல்வேன். கூடவே இன்னொன்றும் கேட்டார்கள். ஆபரேட்டர் விரும்பினால் எச்சரிக்கையை மொத்தமாக அணைத்துவைக்க ஒரு வசதி. கடவுச்சொல் போட்டு எழுதிக் கொடுத்தேன். எப்போது அணைத்தார்கள், எப்போது மறுபடி போட்டார்கள் என்று எங்கும் பதிய வேண்டாம் என்றார்கள். பதியவில்லை. மூன்று வரி நிரல் மிச்சம்.

அந்த வருடம் தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அம்மா கண்ணுக்குச் சொட்டுமருந்து விட்டுக்கொண்டிருந்தார். வேலை எப்படிம்மா என்றேன்.

"முன்னெல்லாம் ஓட்டை அங்கொண்ணு இங்கொண்ணு வருங்கண்ணு. இப்ப வந்தா ரோலு பூரா வருது. மெசினு நிக்கறதே இல்லையாட்ட இருக்குது."

அந்தத் துணி எங்கள் பலகை போட்ட இயந்திரத்தில் பின்னப்பட்டதா என்று எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் நான் முயலவில்லை. அணைக்கிற பித்தானை எழுதியது நான்தான் என்று அம்மாவிடம் சொல்ல ஒரு வாரம் ஆயிற்று. அவர் கோபப்படவில்லை. நிறுத்தினா நிட்டிங்காரனுக்கு கிலோ கொறையும், அவனுக்கும் கிலோவுக்குத்தானே காசு என்றார். பிறகு, "அமத்துனவன் பேரு எங்கியாச்சும் உளுகோணுமல்லொ" என்றார்.

அடுத்த பதிப்பில், அணைத்தால் பத்து நிமிடத்தில் தானே மறுபடி விழித்துக்கொள்ளும்படி வைத்தேன். அணைத்த நேரமும் ஓடிய சுற்றுகளும் திரையில் தெரியும், ரோல் எண்ணோடு அச்சாகும். ஆபரேட்டரின் பெயரைச் சேர்க்கவில்லை. இது எனக்கும் அம்மாவுக்கும் வாக்குவாதமான விஷயம், எனக்கு ரோல் எண் போதும் என்று பட்டது. அந்த அச்சுத்தாள் துணியோடு சாயப்பட்டறைக்கும் கட்டிங்குக்கும் போனால், மேசையில் இருப்பவளுக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று முன்பே தெரியும். சில வாடிக்கையாளர்கள் அந்த வரியை எடுத்துவிடச் சொன்னார்கள். எடுக்க முடியாது என்று சொல்லும் இடத்தில் அப்போது நான் இருந்தேன், சொன்னேன். இரண்டு பேர் வேறு பலகைக்கு மாறிப்போனார்கள்.

அம்மா இப்போது வேலைக்குப் போவதில்லை. போன மாதம் பேரனுக்குச் சட்டை எடுக்கக் காதர்பேட்டைக்குப் போனோம். செகண்ட்ஸ் குவியலிலிருந்து ஒரு டி-ஷர்ட்டை எடுத்து, பழக்கத்தில் வெளிச்சத்துக்கு நேராக விரித்துப் பிடித்தார். தோளிலிருந்து கீழ்விளிம்பு வரை மயிரிழை போல ஒரு கோடு. நீடில் லைன் என்றார். கடைக்காரப் பையனிடம், "இது செக்கிங்ல உட்டதில்ல தம்பி, நிட்டிங்ல" என்றார். அவன் ஒன்றும் புரியாமல், எடுத்துக்கோங்கம்மா, பத்து ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்றான்.